குறை சொல்லாத பூனை

எங்கள் வீட்டுப் பூனையைப் புகழ்கிறவர்கள் அவன் செய்கிற எதையாவது சொல்லிப் புகழ்ந்து நான் கேட்டதில்லை. கடிக்க மாட்டான், பிராண்ட மாட்டான், திரைச்சீலையைப் பிடித்து ஏற மாட்டான், விடியற்காலையில் கத்தி எழுப்ப மாட்டான், குழந்தை தூக்கினால் திமிற மாட்டான். சாம்பு என்று பெயர். பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் என்கிற குட்டைமுடி இனம். பெற்றோர், பாட்டன் பாட்டிகள் பெயரெல்லாம் எழுதிய வம்சாவளித் தாளோடு வந்தவன். உடம்பு முழுக்க ஒரே ஈயச் சாம்பல் நிறம். பூனை வளர்ப்பவர்கள் அதை நீலம் என்பார்கள். கண்கள் செம்பு நிறம். முடி குட்டைதான், ஆனால் விரலை உள்ளே விட்டால் தோல் தட்டுப்படச் சற்று நேரமாகும், அவ்வளவு அடர்த்தி. கழுத்தைத் திருப்பும்போது அந்த இடத்தில் முடி பிளந்து நிற்கும். லண்டனின் தெற்கே கிராய்டனில், ஒரு மாடிக் குடியிருப்பில் நானும் மனைவியும் மகளும் அவனோடு இருக்கிறோம். இந்த இனத்தைப் பற்றிய புத்தகங்களிலும் வளர்ப்பவர்கள் பேச்சிலும் திரும்பத் திரும்ப வருவது ஒன்றுதான்: குடும்பத்துக்கு ஏற்றது, தொந்தரவில்லாதது, எதற்கும் அலட்டிக்கொள்ளாதது. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நாங்களும் வாங்கினோம். அது பொய்த்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. அவன் அப்படித்தான் இருக்கிறான். ஆனால் அந்த அமைதி எதனால் ஆனது என்ற கேள்வி கொஞ்ச காலமாக என்னை விடாமல் பிடித்திருக்கிறது. நிம்மதியாக இருக்கும் பிராணியும் அசையாமல் கிடக்கும். வலியில் இருப்பதும் அசையாமல் கிடக்கும். பயந்து ஒடுங்கியதும் அப்படியே. கூட இருக்கிற நமக்கு மூன்றும் ஒரே அளவுக்கு வசதி.

கேள்வியைக் கிளப்பியது ஒரு பல். ஆண்டுதோறும் தடுப்பூசிக்குக் கொண்டுபோகும்போது கால்நடை மருத்துவர் அவன் உதட்டை விலக்கி வாயையும் பார்ப்பார். ஒரு முறை கீழ்த்தாடையில், கோரைப் பல்லுக்கு அடுத்து வரும் பல்லின் அடியில் ஈறு ஏறிச் சிவந்திருப்பதைக் காட்டினார். பூனைகளுக்கு இது சகஜமான நோய். பல்லின் கெட்டியான பகுதியை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். நரம்பு வெளிப்பட்டுவிட்டால் கடும் வலி. மனிதருக்குப் போல அடைத்துக் காப்பாற்ற வழியில்லை. மயக்கம் கொடுத்து, எக்ஸ்-ரே எடுத்து, பல்லைப் பிடுங்குவதுதான் வைத்தியம். அவன் ஒருவேளைச் சாப்பாட்டையும் விட்டதில்லை. மருத்துவர் அதற்கு வியக்கவில்லை. பெரும்பாலான பூனைகள் ஒரு பக்கமாக மென்றோ மெல்லாமல் விழுங்கியோ சமாளித்துக்கொள்ளும் என்றார். பல்லைப் பிடுங்கிப் புண் ஆறிய பிறகு நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. சாம்பு விளையாட ஆரம்பித்தான். மகளின் ஷூ நாடாவைக் கவ்வி இழுத்துக்கொண்டு கூடம் முழுக்க நடந்தான். காலையில் சமையலறை வாசலில் நின்று, அந்தப் பருத்த உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத கீச்சுக் குரலில் கூப்பிட்டான். அவன் சுபாவம் என்று எல்லோரும் புகழ்ந்ததில் ஒரு பங்கு வலியாக இருந்திருக்கிறது. எவ்வளவு பங்கு, எப்போதிருந்து என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. இந்த இனம் மெதுவாக வளர்வது. மூன்று வயது வாக்கில்தான் முழு உருவம் எடுக்கும். குட்டித்தனம் அடங்கி உடம்பு கனத்து வருகிற அதே பருவத்தில் ஒரு நோயும் சேர்ந்து வந்தால், வயதின் அடக்கம் எது, வலியின் அடக்கம் எது?

அம்மா கோடையில் வந்து எங்களோடு தங்கியிருந்தபோது இதையே வேறு மாதிரி கேட்டாள். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில், பத்தாயத்தைச் சுற்றி எலி பிடிக்க வந்துபோகும் பூனைகளோடு வளர்ந்தவள். அவற்றை யாரும் விலைகொடுத்து வாங்கியதில்லை, பெயரும் வைத்ததில்லை. பால் கறக்கும் நேரம் பார்த்து வந்து காலைச் சுற்றும். ஊற்றத் தாமதமானால் வீடு அதிரக் கத்தும். குட்டி போட்டிருக்கும்போது பரண் பக்கம் போனால் சீறும். பிடிக்கவில்லை என்றால் மதிலேறிப் போய்விடும். எப்போது திரும்பும் என்று தெரியாது. சாம்புவைக் கொஞ்ச நாள் கவனித்துவிட்டு அம்மா சொன்னாள்: “பசிச்சாக் கத்தணும், கோவம் வந்தாப் பிராண்டணும். ரெண்டும் இல்லேன்னா அதுக்கு என்ன வேணும்னு நமக்கு எப்பிடிடா தெரியும்?” இது ஜாதிப் பூனைம்மா, இப்படித்தான் இருக்கும் என்றேன். “இப்படித்தான் இருக்கும்னு யாரு சொன்னா? அதுவா சொல்லிச்சு?” அந்தக் கிராமத்துப் பூனைகளின் வாழ்வை உயர்த்திப் பேச எனக்கு மனம் வராது. குட்டிகளில் பாதிக்கு மேல் தங்காது. எலி பாஷாணம் தின்ற எலியைத் தின்று செத்துக் கிடக்கும். அவை கத்திய கத்தலுக்கெல்லாம் யாரும் ஓடி வந்ததுமில்லை. ஆனால் கத்துவதற்கு ஒரு குரலும் போவதற்கு ஒரு மதிலும் இருந்தன. வீட்டுக்குள்ளேயே வளரும் சாம்புவுக்குக் கதவு சாத்தியிருக்கிறது. அவன் எங்களோடு இருப்பதை வைத்து எங்களை அவனுக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. சன்னலோரம் புறா வந்து உட்காரும்போது மட்டும் தாடை படபடக்க ஒரு விசித்திரமான சத்தம் போடுவான். அப்போது முகமே வேறு. மீசை முழுவதும் முன்னால் வந்துவிடும், காது இரண்டும் கண்ணாடியை நோக்கி நிமிர்ந்து நிற்கும். அலட்டிக்கொள்ளாத இனத்தில் பிறந்தவன்தான் அப்படி அலட்டிக்கொள்கிறான். பார்க்கச் சந்தோஷமாக இருக்கும்.

நாங்கள் இருக்குமிடத்திலிருந்து கிரிஸ்டல் பேலஸ் பூங்கா தொலைவில்லை. இரும்பும் கண்ணாடியுமாக அங்கே எழுப்பியிருந்த மாளிகை 1936இல் எரிந்துபோயிற்று. இப்போது மேட்டில் படிக்கட்டுகளும் ஸ்பிங்க்ஸ் சிலைகளும் மரங்களும்தான் இருக்கின்றன. அந்த மாளிகையில் 1871 ஜூலை 13ஆம் தேதி ஹாரிசன் வியர் என்ற ஓவியர் ஒரு பூனைக் கண்காட்சியை ஏற்பாடு செய்தார். இன்றைய ஜாதிப் பூனை உலகம் தன் தொடக்கமாக அந்த நாளைத்தான் சொல்கிறது. வியர் பிராணிகளை வரைந்தே பேர் வாங்கியவர். எலி பிடிக்க மட்டும் வைத்துக்கொண்டு மற்றபடி உதைத்துத் துரத்தப்பட்ட உள்ளூர்க் குட்டைமுடிப் பூனைகளை, அழகு என்று ஜனங்கள் நின்று பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. 1889இல் வெளிவந்த தன் புத்தகத்தில் அந்த நாளை நினைவுகூர்கிறார். ரயிலில் போகும்போது அவருக்குக் கவலை. கூண்டில் அடைத்த பூனைகள் முரண்டு பிடிக்குமோ, விடச் சொல்லி அலறுமோ, சாப்பிட மறுக்குமோ என்று. போய்ப் பார்த்தால் சிவப்பு மெத்தைகளின்மேல் சத்தமில்லாமல் படுத்திருந்தன. அவ்வப்போது தொண்டையில் எழும் ஒரு குர்குர் சத்தம், அவ்வளவுதான். அவர் மனம் குளிர்ந்துபோனது எழுத்தில் தெரிகிறது. அந்தப் பக்கத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். அந்த நிம்மதி எனக்கு நன்றாகத் தெரிந்த நிம்மதி. பூனை கத்தவில்லை, எனவே அதற்கு ஒன்றுமில்லை. வண்டியிலும் ரயிலிலும் கொண்டுவரப்பட்டு, பழகாத வாசனைகளுக்கு நடுவே, எட்டிப் பார்க்கும் கூட்டத்துக்கு முன்னால் கிடந்த பூனைகளின் மௌனம் அது. இன்று பூனைக் காப்பகங்களில் வேலை செய்பவர்கள், புதிதாக வந்த பூனை கூண்டின் மூலையில் தூங்குவதுபோல் கண்ணை மூடிக் கிடந்தால் அதை மிரட்சியின் அடையாளமாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். பூனை தூங்குவதில்லை, இல்லாமல் போய்விட முயல்கிறது. வியரின் அன்பில் எனக்குச் சந்தேகம் கிடையாது. 1887இல் தொடங்கிய தேசியப் பூனைச் சங்கத்துக்கு அவர்தான் முதல் தலைவர். பிறகு, உறுப்பினர்களுக்குப் பூனையின் நலத்தைவிடப் பரிசுதான் பெரிதாக இருக்கிறது என்று மனம் வெறுத்து அதிலிருந்து விலகியவரும் அவரே. அப்படிப்பட்டவர் கண்ணுக்கும் அந்த மௌனம் சுகமாகத்தான் பட்டது. என் சங்கடம் அதனால் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

வியர் தூக்கிவிட நினைத்த உள்ளூர்ப் பூனை இன்றைய சாம்புவாக மாறியதில் இரண்டு உலகப் போர்களுக்கும் பங்குண்டு. மனிதருக்கே உணவை அளந்து கொடுத்த காலத்தில் கண்காட்சிப் பூனைகளை யார் பேணுவது? இரண்டாம் போர் முடிந்தபோது இனவிருத்திக்குக் கடுவன்கள் அருகிப்போயிருந்தன. மிஞ்சியவற்றைப் பாரசீகப் பூனைகளோடும் வேறு சில இனங்களோடும் கலந்துதான் இனத்தை மீட்டார்கள். உருண்டைத் தலை, உப்பிய கன்னம், கட்டைக் கழுத்து, அடர்ந்த முடி எல்லாவற்றிலும் பாரசீக ரத்தம் தெரிகிறது. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளர்கிற பரம்பரை நோயும் அந்த வழியில்தான் உள்ளே வந்தது. இப்போது மரபணுச் சோதனை இருப்பதால் பொறுப்புள்ள வளர்ப்பாளர்கள் அதைக் களைந்துவருகிறார்கள். ரத்த வகையிலும் இந்த இனத்துக்கு ஒரு தனித்தன்மை. பெரும்பாலான பூனைகள் ஏ வகை; பிரிட்டிஷ் ஷார்ட்ஹேரில் பி வகையும் நிறைய. பி வகைப் பூனையின் ரத்தத்தில் ஏ வகையை அழிக்கும் எதிர்ப்பொருள் இயல்பாகவே பலமாக இருக்கும். மாற்றி ஏற்றினால் முதல்முறையிலேயே உயிர் போகலாம். பல் பிடுங்கும் முன் சாம்புவுக்குச் சோதித்துப் பார்த்ததில் பி வகை என்று வந்தது. அந்தத் தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறது. இதற்கெல்லாம் சோதனை உண்டு. சுபாவத்துக்கு என்ன சோதனை? கண்காட்சி மேசையில் நடுவரைக் கடிக்கிற பூனைக்குப் பரிசு கிடைக்காது. பரிசு வாங்கிய பூனையின் குட்டிகளுக்குத்தான் கிராக்கி. தலைமுறை தலைமுறையாக எதிர்ப்புக் காட்டாதவை பெருகியிருக்கும் என்று நினைக்கிறேன். அப்படிப் பெருகியது எது என்பதில்தான் என் மனம் தடுமாறுகிறது. உள்ளபடியே கலங்காத உயிரா? அல்லது கலக்கத்தை வெளியே காட்டாத உயிரா? ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் 5,700க்கும் மேற்பட்ட பூனைகளின் குணங்களைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பூனையின் குணத்தில் ஏறக்குறையப் பாதி பரம்பரையாக வருவது என்று தெரிந்தது. மனிதரிடம் வந்து ஒட்டுவதில் மிகவும் பின்தங்கிய இனமாகப் பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் அதில் வருகிறது. குடும்பத்துக்கு ஏற்றது என்று பேர் வாங்கிய பூனை, தானாக நம்மைத் தேடி வருவதில் எல்லாவற்றுக்கும் கடைசி! முதலில் இது முரணாகத் தோன்றியது. பிறகு அப்படித் தோன்றவில்லை. நாம் தேடியது நம்மை நாடி வரும் பூனையை அல்ல, நம்மைத் தடுக்காத பூனையைத்தான்.

முகத்தையும் நாம் விட்டுவைக்கவில்லை. மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில், பூனையின் வலியை முகத்தைக் கொண்டு அளக்க ஒரு முறையை உருவாக்கி 2019இல் வெளியிட்டார்கள். காது இருக்கும் நிலை, கண் எவ்வளவு இடுங்கியிருக்கிறது, மூக்கைச் சுற்றிய இறுக்கம், மீசை வளைந்திருக்கிறதா விறைத்திருக்கிறதா, தலை தோளுக்கு மேலே நிற்கிறதா கீழே தொங்குகிறதா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 10க்கு 4 வந்தாலே வலி மருந்து தேவைப்படலாம். இதைக் கற்றுக்கொண்டபின் நான் சாம்புவின் முகத்தை வேறு கண்ணால் பார்க்கிறேன், ஆனால் எளிதாக இல்லை. கன்னம் உப்பியிருப்பதால் மூக்கோரத்து இறுக்கம் சட்டென்று பிடிபடாது. காது சின்னது, ஒன்றுக்கொன்று தள்ளி முளைத்தது. பக்கவாட்டில் திரும்பினால் அந்த அடர்ந்த முடியில் பாதி மறைந்துவிடும். வாய்க்கோடே லேசாக மேலே வளைந்து எந்நேரமும் சிரிப்பது போலிருக்கும். குழந்தை முகம் என்று நாம் கொஞ்சுவதற்காக உருவான முகம், அது பேச வேண்டியதைப் பேசவிடாமல் செய்கிறது. இதன் நெருங்கிய உறவான ஸ்காட்டிஷ் ஃபோல்டில் நிலைமை இன்னும் மோசம். 1961இல் ஸ்காட்லாந்துப் பண்ணையொன்றில் கிடைத்த, காது மடிந்த சூசி என்ற பூனையிலிருந்து தொடங்கி, பிரிட்டிஷ் ஷார்ட்ஹேரோடு கலந்து வளர்க்கப்பட்ட இனம் அது. காதை மடக்கும் அதே மரபணு மூட்டுகளையும் கெடுக்கிறது. இங்கிலாந்தின் பூனைப் பதிவுப் பேரவை அந்த இனத்தைப் பதிவு செய்வதை எழுபதுகளிலேயே நிறுத்திவிட்டது. பல இனங்களின் படங்களை அளந்து ஒப்பிட்ட ஓர் ஆய்வில், ஸ்காட்டிஷ் ஃபோல்டின் சாதாரண முகமே வலியில் இருக்கும் பூனையின் முகத்தை ஒத்திருப்பதாகத் தெரிந்தது. எப்போதும் வலி முகம் கொண்ட பூனைக்கு வலி வரும்போது யார் கண்டுகொள்வார்கள்? உலகம் முழுவதும் அந்த முகத்தை ஆசை ஆசையாக வாங்குகிறார்கள். எனக்கு அதில் கோபம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

இவ்வளவு மௌனமான பிராணியைப் பேணுவது என்றால் அது சொல்லாததை அளந்து பார்ப்பதுதான் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தேன். இந்த இனத்தில் இதயச் சுவர் தடித்துப்போகும் நோய் உண்டு. 2011இல் டென்மார்க்கில் 329 பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர்களை ஸ்கேன் செய்தபோது கடுவன்களில் ஐந்தில் ஒன்றுக்கு அது இருந்தது. பெட்டைகளில் வெகு குறைவு. வெளியே எதுவும் தெரியாமல் வருடக்கணக்கில் இருந்துவிட்டு, ஒருநாள் இதயத்தில் உறைந்த ரத்தம் நழுவிப் போய்ப் பின்னங்கால்களுக்குப் போகும் குழாயை அடைக்கும்போதுதான் பல வீடுகளில் நோய் இருப்பதே தெரியவரும். அதற்கு முன்னால் கிடைக்கக்கூடிய ஒரு துப்பு மூச்சு. பூனை நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு மூச்சு என்று கொண்டு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 30ஐத் தாண்டினால், தொடர்ந்து அப்படியே இருந்தால், மருத்துவரிடம் போக வேண்டும். சாம்புவின் அடர்ந்த முடியில் விலா தெரியாது. அவன் வயிற்று ஓரமும் சோபாத் துணியும் சேருமிடத்தில் பார்வையை வைத்தால், அந்தக் கோடு விரிந்து சுருங்குவது தெரியும். கனவில் பாதம் துடித்தால் கணக்கு விட்டுப்போகும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். மணல் தட்டைச் சுத்தம் செய்வதும் எனக்கு இப்போது வெறும் வேலையாக இல்லை. சிறுநீரில் கட்டியான மணல் உருண்டைகள் வழக்கமான அளவில் இருக்கின்றனவா, எண்ணிக்கை குறைந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். கடுவனுக்கு மூத்திரக் குழாய் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. கத்தாத பூனை அப்போதும் தட்டுக்கும் கட்டிலடிக்குமாக நடந்துகொண்டு மட்டும் இருக்கலாம். மாதத்துக்கொருமுறை அவனைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்கிறேன். 6 கிலோவுக்குச் சற்று மேல். கருத்தடை செய்து வீட்டோடு வளரும் இந்த இனத்துக்குக் கொழுப்பு சுலபமாக ஏறும். அதையும் அழகான உருண்டை என்று மெச்சுவார்கள். எனவே முடிக்குள் விரலை விட்டு விலா எலும்பு தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்ப்பேன். சாப்பாட்டைக் கிண்ணத்தில் குவித்து வைக்காமல் தராசில் நிறுத்துப் போடுகிறோம்; தண்ணீர் அதிகம் குடிக்காத பாலைவன வம்சம் என்பதால் உலர்ந்த தீனியைக் குறைத்து ஈரமான மாமிச உணவைக் கூட்டியிருக்கிறோம். நண்பர் ஒருவர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, ஒரு பூனைக்காக இவ்வளவா என்றார். இவ்வளவுதான் என்னால் முடிகிறது என்பதுதான் என் கவலை.

தூக்குவதைப் பற்றி மகளோடு நெடுநாள் பேச வேண்டியிருந்தது. அவளுக்கு ஏழு வயது. கைக்கு அடங்காத அந்தப் பருத்த உடம்பை மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பதில் அவளுக்குக் கொள்ளைப் பிரியம். அவனும் திமிறியதில்லை. இந்த இனம் நாலு காலும் தரையில் இருப்பதையே விரும்பும் என்பது வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் திமிறாததால் தூக்குகிறோம். ஒருநாள் அவளை நிறுத்தி, அவள் தோளுக்குப் பின்னால் தொங்கிய வால் நுனியைக் கண்ணாடியில் காட்டினேன். மற்ற உடம்பு முழுவதும் மரத்துப்போனதுபோல் இருக்க, அந்த நுனி மட்டும் விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருந்தது. காது இரண்டும் இலேசாகப் பக்கவாட்டில் திரும்பியிருந்தன. மூக்கை ஒருமுறை நக்கிக்கொண்டான். அவள் அவனை மெதுவாக இறக்கிவிட்டாள். நாட்டிங்ஹாம் ட்ரென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் லண்டன் பேட்டர்ஸீ காப்பகத்துப் பூனைகளை வைத்துச் சோதித்து 2021இல் வெளியிட்ட ஒரு முறையை இப்போது இருவருமாகப் பழகுகிறோம். கையை நீட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பூனை வந்து கன்னத்தைத் தேய்த்தால் கன்னத்தில், தாடையடியில், காதின் அடியில் மட்டும் தடவலாம். வயிறும் வால் அடியும் வேண்டாம். சில விநாடி கழித்துக் கையை எடுத்துவிட்டு, மீண்டும் வந்து கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். தொடங்கிய முதல் வாரங்களில் சாம்பு வரவேயில்லை. நீட்டிய கையை முகர்ந்துவிட்டுத் தன் வழியில் போனான். மகளுக்கு அழுகை வந்துவிட்டது. “என்னைப் பிடிக்கலையாப்பா அவனுக்கு?” என்றாள். அவனுக்கு உன்னைப் பிடிக்கும், தூக்குவதுதான் பிடிக்காது என்று சமாதானம் சொன்னேன். முதல் பாதி உண்மையா என்பது எனக்கும் தெரியாது. பிறகு வர ஆரம்பித்தான். எப்போதும் அல்ல, அவனுக்குத் தோன்றும்போது. மாலையில் அவள் தரையில் படுத்துப் படம் வரையும்போது அருகில் வந்து, பென்சில் பிடித்த கையை நெற்றியால் முட்டுவான். அவள் வரைவதை நிறுத்திவிட்டு விரலை மட்டும் நீட்டுவாள். போகிறேன் என்று அவன் எழுந்தால் பிடித்து வைப்பதில்லை. இந்த வீட்டில் அவனால் வேண்டாம் என்று சொல்ல முடிகிறது என்பதற்கு என்னிடமிருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

என் பெரியம்மா ஒருத்தி இருந்தாள். இருக்கிற இடமே தெரியாது என்று ஊரே மெச்சிய மருமகள். பந்தி முடிந்து எல்லோரும் சாப்பிட்ட பிறகு எஞ்சியதைச் சாப்பிடுவாள். உனக்குப் போதுமா என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. வயிற்றில் கட்டி முற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தை: சொல்லவே இல்லையே. பூனையைப் பற்றி யோசிக்கும்போது அவள் நினைவு வருவதை நான் தடுப்பதில்லை. மனுஷியையும் பூனையையும் ஒரே தட்டில் வைப்பதாக யாரும் எண்ண வேண்டாம். அவளுக்கு வாயிருந்தது, அது மூடப்பட்டது. பூனையின் விஷயம் வேறு. ஆனால் மௌனத்தை மெச்சுகிறவர்கள் இரு இடத்திலும் ஒரே மாதிரிப் பேசுகிறார்கள். இதன் எதிர்ப்பக்கத்தையும் யோசித்திருக்கிறேன். பிப்ரவரியில் அபூர்வமாக வெயில் அடிக்கும் நாளில் சன்னலடிக் கம்பளத்தில் வயிற்றைக் காட்டி மல்லாந்து, முன்கால்களை நீட்டி விரல்களை விரித்து மடக்கிக்கொண்டு கிடப்பான். என்னைப் பார்த்துக் கண்ணை மெதுவாக மூடித் திறப்பான். அந்த நேரத்தில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் என் உள்ளம் சொல்கிறது. வலியைத் தேடித் தேடி, இருக்கும் சுகத்தைக்கூடச் சந்தேகிக்கிறேனா? இருக்கலாம். அவன் தொண்டையில் எழும் குர்குர் சத்தத்தைக் கேட்டால் சுகம் என்று நினைப்போம்; காயம்பட்ட பூனையும், பிரசவத்திலிருக்கும் பூனையும் அதே சத்தம் போடும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒற்றை அடையாளத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியவில்லை. முதல் நாள் எப்படி இருந்தான், போன மாதம் எப்படி இருந்தான் என்று அவனை அவனோடே ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் மிச்சம். அதற்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தொந்தரவில்லாத பூனை என்று சொல்லி விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

அண்மையில் ஹாரோவில் இருக்கும் நண்பர் குடும்பம் இதே இனத்தில் குட்டி வாங்க வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு கென்ட்டில் ஒரு வளர்ப்பவர் வீட்டுக்குப் போனார்கள். வயதான அம்மையார், தாய்ப்பூனைக்கும் தந்தைக்கும் எடுத்த இதய ஸ்கேன் அறிக்கைகளையும் சிறுநீரகச் சோதனைத் தாள்களையும் கேட்காமலே எடுத்து வைத்தார். நண்பரின் மனைவி, சத்தம் போடுமா, குழந்தைகளைப் பிராண்டுமா என்று விசாரித்தார். நான், இந்தத் தாய்ப்பூனைக்குக் கோபம் வந்தால் என்ன செய்யும் என்று கேட்டேன். அம்மையார் யோசிக்கவே இல்லை. துணி அலமாரியின் உச்சியில் ஏறி எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ளும், சமாதானம் ஆகும்வரை மீனைக் காட்டினாலும் இறங்காது என்றார். குட்டிகளில் நீல நிறப் பெட்டை ஒன்று இப்போதே தன் தட்டை நெருங்குகிற மற்றக் குட்டிகளை அறைந்து தள்ளும் என்று சிரித்துக்கொண்டே காட்டினார். நண்பரின் பிள்ளைகள் மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்த குட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். திரும்பி வரும்போது காரில் எதை எடுக்கலாம் என்று கேட்டார்கள். தட்டுக்காகச் சண்டை போட்டதை எடுங்கள் என்றேன். “அது பொல்லாததா இருக்கும்போல இருக்கேண்ணா” என்றார் நண்பரின் மனைவி. அதற்கு எது பிடிக்காது என்று உங்களுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டதே என்றேன். அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. 13 வாரம் ஆகாமல் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கமாட்டேன் என்று அந்த அம்மையார் சொல்லியிருப்பதால் யோசிக்க நேரமிருக்கிறது. மடியில் பேசாமல் இருந்த குட்டிக்கு வாயைத் திறந்து பார்த்தாரா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன்.